முழங்கையும் முதுகுத் தசையும்

அரபு மொழியில் முழங்கைக்கு ‘மிர்ஃபக்’ என்று பெயர். சாய்ந்துகொள்ள உதவுவது என்பது அச்சொல்லின் கருத்து. மென்மையைக் குறிக்கும் ‘ரிஃப்க்’, தோழனைக் குறிக்கும் ‘ரஃபீக்’ ஆகியவையும் அதே வேரினின்று கிளைத்தவையே. நாள்தோறும் உளூவில் முழங்கை வரை நீரோட்டிக் கழுவுகின்றோம். அந்த மூட்டு மடங்காவிடில் ஒருவன் தன் கையிலுள்ள கவளத்தைத் தன் வாய்க்குக் கொண்டு செல்ல இயலாது.

சாய்ந்துகொள்ளும் இவ்வுறுப்பு, சாய்ந்த நிலையிலேயே பழுதுபடுவதும் உண்டு. சின்னமனூரிலிருந்து ஓடைப்பட்டிக்குப் பேருந்தில் செல்வோர் சன்னற் கம்பிக்கு வெளியே முழங்கையை நீட்டி அமர்வதைக் காணலாம். எதிரே வரும் லாரி உரசிச் சென்றால் எலும்பு நொறுங்குவதோடு தோலும் சதையும் உரிந்துபோகின்றன. முழங்கையின் பின்புறம் தோல் மிக மெல்லியது. அதற்கடியில் சதைப்பற்று ஏதுமின்றி எலும்பே இருக்கின்றது. ஆகவே அங்கு ஏற்படும் காயம் எலும்பையும், அதில் பொருத்திய உலோகத் தகட்டையும் வெளிக்காட்டி நிற்கும். தொடையிலிருந்து தோல் சீவி ஒட்டினால் என்ன என்று கேட்கத் தோன்றும். ஒட்டிய தோல் பிழைக்கக் கீழிருந்து இரத்தம் ஊற வேண்டும். உறை உரிந்த எலும்பும் உலோகமும் எங்ஙனம் இரத்தம் தரும்? எனவே, தன் இரத்தக் குழாயைத் தானே சுமந்து வரும் தசை ஒன்றைப் பக்கத்திலிருந்து திருப்பிக் கொணர வேண்டியதாகின்றது. மருத்துவர் இதனைத் ‘ஃபிளாப்’ என்பர். நாம் தசைமடல் எனலாம். தாழை மடல் அடியில் மரத்தோடு ஒட்டியிருக்கும் வரை வாடுவதில்லை அன்றோ?

காம்பை அறுக்காதே என்னும் இவ்விதி பழமையானது. அறுபட்ட மூக்கைச் செப்பனிட, கன்னத்துத் தோலை இலை கொண்டு அளந்து, ஒருபுறம் ஒட்டியிருக்கும்படி கீறித் திருப்பும் முறையைச் சுசுருதர் பெயரால் வழங்கும் சமஸ்கிருத நூல் விவரிக்கின்றது. கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் அமைச்சர் யஹ்யா இப்னு காலித் அல்பர்மகீ, மன்கா என்னும் இந்திய மருத்துவரைக் கொண்டு அந்நூலை அரபியில் விளக்கச் செய்தார் என்பதைப் பத்தாம் நூற்றாண்டினரான இப்னுன் நதீம் தம் ‘அல்ஃபிஹ்ரிஸ்த்’ நூலில் பதிந்துள்ளார். இக்கலை அரபிகள் வழியாகவே ஐரோப்பாவுக்குச் சென்றது என்று பெருமிதத்தோடு எழுதுவோர் நம்மில் உளர். அதற்கு நேர்ச்சான்று இல்லை. நூல் பக்தாதுக்கு வந்தது என்பதோடு நிற்பதே நேர்மை. அதுவே போதிய பெருமையும் ஆகும்.

இத்தாலியில் போலோஞா நகரத்து டாலியாகோட்சி 1597இல் வெளியிட்ட நூலில் மேற்கைத் தோலை மூக்கில் தைத்தார். நோயாளி கையை மடக்கித் தலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் கிடக்க வேண்டும். முழங்கை பட்ட பாடு! இந்தியமுறை ஐரோப்பாவில் பரவலாகத் தெரிய வந்தது 1794இல் ஆகும். ஆங்கிலேயப் படையில் மாட்டுவண்டி ஓட்டிய காவஸ்ஜி என்பவர் திப்பு சுல்தானிடம் சிறைப்பட்டு மூக்கறுபட்டாரென்றும், பூனாவுக்கு அருகே செங்கல் செய்யும் வகுப்பைச் சேர்ந்த ஒருவர் நெற்றித் தோலால் மூக்கமைத்தாரென்றும் லண்டன் மாத இதழொன்று வெளியிட்டது. திப்புவின் பகைவர் எழுதியது என்பதை மறக்க வேண்டாம். ஆனால் நம் கண் நிற்க வேண்டியது அந்தச் செங்கற்காரர் மீது. அவருடைய பெயரை எழுதிவைக்க எவருக்கும் தோன்றவில்லை. அச்செய்தியால் ஊக்கம் பெற்ற கார்ப்யூ என்பவர் 1814இல் லண்டனில் அம்முறையைச் செய்து பெயர் பெற்றார்.

இவை யாவும் தோல் மடல்கள். முதுகின் அகன்ற தசையான லட்டிசிமஸ் டார்சையைத் தோலோடு சேர்த்தெடுத்து, மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் மார்பை மூடலாம் என 1906இல் எழுதியவர் இத்தாலியர் டன்சினி. பின்னர் உலகம் அதனைப் பல்லாண்டுகள் மறந்திருந்தது. 1970களில் அத்தசைமடல் மீண்டும் வழக்கிற்கு வந்தது. உடலின் தசைகளை அவற்றின் இரத்தக் குழாய் அமைப்பைக் கொண்டு ஐந்து வகையாக மேத்தஸ், நஹாய் இருவரும் 1981இல் பகுத்தனர். எதை எவ்வளவு தூரம் திருப்பினால் பிழைக்கும் என்பது அதன் பின் ஊகமாக இல்லாமல் கணக்காயிற்று.

தமிழகத்தில் இத்துறைக்கு முன்னோடி ஒருவர் உண்டு. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயால் மடங்கிய விரல்களுக்கு, வேலை செய்யும் தசையின் நாணை வேறிடத்தில் தைத்து உயிரூட்டினார். பின்னர் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் ரா. வெங்கடசாமி கைக்கெனத் தனித் துறையை வளர்த்தார். கோவை கங்கா மருத்துவமனையில் 1991 முதல் ராஜ சபாபதி இப்பணியை விரிவாக்கினார்.

பெருங்காயத்திற்கு முதுகுத் தசையே முதன்மையானது. முதுகைக் கீறி, முதுகெலும்பிலும் இடுப்பிலும் பற்றியுள்ள பகுதியை விடுவித்து, அக்குளில் நாடி நுழையும் காம்பை மட்டும் காத்து, மேற்கைத் தோலுக்கடியில் சுரங்கம் போல் வழி செய்து முழங்கைக்கு இழுத்து வருவர். மேலே தொடைத்தோல் ஒட்டப்படும். காம்போடு நரம்பையும் காத்து, தசையின் நுனியை மடக்கு தசையின் நாணில் தைத்தால், அது காயத்தை மூடுவதோடு முழங்கையை மடக்கவும் கற்றுக்கொள்ளும்! சிறு காயங்களுக்கு முன்கைத் தசைகளே போதும்.

ஆயின் விலையின்றி எதுவும் கிட்டுவதில்லை. கையை மேலிருந்து கீழிழுப்பதும், உடலைக் கையால் தூக்குவதும் முதுகுத் தசையின் வேலை. ஏனைய தசைகள் பெரும்பாலும் அதனை ஈடு செய்துவிடும். எனினும் தென்னை ஏறுபவருக்கும், ஊன்றுகோல் கொண்டு நடப்பவருக்கும் அத்தசையை எடுக்குமுன் மருத்துவர் இருமுறை யோசிப்பார். ஓடைப்பட்டித் திராட்சைப் பந்தலின்கீழ் நாள் முழுதும் கையுயர்த்திக் கவாத்துச் செய்பவர், தம் தொழில் இன்னதென்று முதல் நாளே சொல்லிவிடுதல் நலம். முதுகுக் காயத்தில் நீர் கோப்பதுண்டு. அதனை வடிக்கக் குழாய் வைப்பர். தூக்கிய தசை மாதங்கள் செல்லச் சிறுத்து மூட்டோடு படிந்துவிடும். மூட்டு இறுகாதிருக்க, மருத்துவர் அனுமதித்த நாள் முதல் வலியைப் பொறுத்துக்கொண்டு மடக்கி நீட்டிப் பழக வேண்டும்.