கணினிவழி வடிவமைப்பில் பாகத் திருத்த மேலாண்மை

பாகத் திருத்த மேலாண்மை என்பது ஓர் இயந்திரப் பாகத்தின் வடிவமைப்பில் காலப்போக்கில் செய்யப்படும் மாற்றங்களைப் பதிவு செய்து, எந்த வடிவம் உற்பத்திக்கு உரியது என்பதை ஐயமின்றிக் காட்டும் முறையாகும். பெரிய நிறுவனங்கள் இதற்கெனத் தனித் தரவு மேலாண்மை மென்பொருள்களைப் பயன்படுத்துகின்றன. சிறு பட்டறைகளும் ஓரிரு வடிவமைப்பாளர்களைக் கொண்ட குழுக்களும் கோப்புறைகள், கோப்புப் பெயர்கள், விரிதாள் ஆகியவற்றைக் கொண்டே இதனைச் செய்வதுண்டு. இக்கட்டுரை இரண்டாவது முறையை விளக்குகிறது.

பின்னணி

தாளில் வரைந்த காலத்தில் ஒரு பாகத்திற்கு ஒரே மூல வரைபடம் இருந்தது. மாற்றம் செய்யும்போது அதன் திருத்த அட்டவணையில் ஒரு வரி சேர்க்கப்பட்டு, பட்டறையில் இருந்த பழைய படிகள் திரும்பப் பெறப்பட்டன.

முப்பரிமாண மென்பொருள்களில் நிலைமை வேறு. எடுத்துக்காட்டாக, 1995 இல் வெளிவந்த சாலிட்வொர்க்ஸ் மென்பொருளில் பாகம், அசெம்பிளி எனப்படும் தொகுப்பு, வரைபடம் ஆகிய மூன்றும் தனித்தனிக் கோப்புகளாகும். தொகுப்புக் கோப்பு தன்னுள் இடம்பெறும் பாகங்களைக் கோப்புப் பெயராலும் இருப்பிடத்தாலும் சுட்டுகிறது. இதனால் மூன்று விளைவுகள் ஏற்படுகின்றன.

1. ஒரு பாகத்தின் கோப்பை மாற்றினால், அதனைப் பயன்படுத்தும் எல்லாத் தொகுப்புகளும் மாறும்.
2. இயங்குதளத்தின் வழியே கோப்பின் பெயரை மாற்றினால் தொகுப்புடனான தொடர்பு அறுந்துவிடும்.
3. ஒரே பெயரில் இரு கோப்புகள் வெவ்வேறு கோப்புறைகளில் இருந்தால், ஏற்கனவே திறந்திருக்கும் கோப்பை மென்பொருள் எடுத்துக்கொள்ளும். பழைய பாகம் புதிய தொகுப்பில் நுழைவது பெரும்பாலும் இவ்வாறே.

பதிப்பும் திருத்தமும்

இவ்விரு சொற்களும் ஒன்றல்ல. வடிவமைப்பாளர் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் உருவாவது பதிப்பு. ஒப்புதல் பெற்று உற்பத்திக்கு வெளியிடப்படுவது திருத்தம். புரோ/எஞ்சினியர் மென்பொருளும் அதன் வழிவந்த கிரியோவும் ஒவ்வொரு சேமிப்பிலும் கோப்புப் பெயரின் இறுதியில் 1, 2, 3 என எண்ணிட்டுப் புதிய கோப்பை உருவாக்குகின்றன. இவை பதிப்புகளே. இவ்வெண்ணைத் திருத்த எண்ணாகக் கொள்வது தவறாகும்.

திருத்தங்களைக் குறிக்க ஆங்கில எழுத்துகள் வரிசையாகப் பயன்படுகின்றன. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் ஒய்14.35 தரம், பிற எழுத்துகளுடனோ எண்களுடனோ குழப்பத்தக்க ஐ, ஓ, கியூ, எஸ், எக்ஸ், இசட் ஆகிய ஆறு எழுத்துகளை விலக்குகிறது.

திருத்தமா, புதிய எண்ணா?

மாற்றத்திற்குப் பின்னும் பழைய பாகமும் புதிய பாகமும் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றைப் பொருத்தத்தக்கவையாக இருந்தால், பாக எண் மாறாமல் திருத்த எழுத்து மட்டும் மாறும். வடிவம், பொருத்தம், செயற்பாடு ஆகியவற்றுள் ஒன்று மாறி, அவ்வாறு பொருத்த இயலாது போனால் புதிய பாக எண் தேவை. 1047 என்னும் எண்ணுடைய தாங்கியின் வரைபடத்தில் விடுபட்ட அளவு ஒன்றைச் சேர்ப்பது திருத்தமாகும். அதன் துளையை 5 மில்லிமீட்டர் நகர்த்தியதால் பழைய இயந்திரத்தில் அது பொருந்தாவிட்டால், அது வேறொரு பாகமாகும்.

இவ்விதி மீறப்பட்டதன் விளைவுக்கு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் இக்னிஷன் சுவிட்ச் ஓர் எடுத்துக்காட்டு. செவ்ரோலே கோபால்ட் உள்ளிட்ட கார்களில் இந்தச் சாவி ஆளியைத் திருப்பத் தேவையான விசை குறைவாக இருந்ததால், ஓடும்போதே சாவி நழுவி எஞ்சின் நின்றது. காற்றுப் பைகளும் விரியாமல் போயின. 2006 இல் ஆளியின் உட்பாகம் மாற்றப்பட்டது. ஆனால் பாக எண் மாற்றப்படவில்லை. பிந்தைய கார்களில் இச்சிக்கல் ஏன் குறைந்தது என்பதை விசாரித்தோரால் விளக்க இயலவில்லை. ஏட்டின்படி இரண்டும் ஒரே ஆளி. 2013 இல், வழக்கொன்றிற்காக அமர்த்தப்பட்ட பொறியாளர் ஒருவர் இரு ஆளிகளைப் பிரித்து ஒப்பிட்டபோதே வேறுபாடு வெளிப்பட்டது. 2014 இல் சுமார் 26 இலட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இழப்பீட்டு நிதியம் 124 இறப்புகளுக்கான கோரிக்கைகளை ஏற்றது. இறப்புகளுக்குக் காரணம் ஆளியின் குறைபாடே. எனினும் அதனைக் கண்டறிவது தாமதமானதற்கு மாறாத எண்ணும் ஒரு காரணமாயிற்று.

தனி மென்பொருள் இன்றி மேலாண்மை செய்யும் முறை

* பாக எண்: விரிதாள் ஒன்றிலிருந்து வரிசையாக வழங்கப்படும். ஒருமுறை வழங்கிய எண் மீண்டும் பயன்படுத்தப்படாது.
* கோப்புப் பெயர்: மூலக் கோப்பின் பெயரில் பாக எண் மட்டும் இருக்கும். திருத்த எழுத்து கோப்பின் பண்புகளில் பதியப்பட்டு, அங்கிருந்து வரைபடத்தின் தலைப்புக் கட்டத்தில் தானாகத் தோன்றும். பெயரிலேயே திருத்த எழுத்தைச் சேர்த்தால், ஒவ்வொரு திருத்தத்தின்போதும் எல்லாத் தொகுப்புகளிலும் பாகத்தை மாற்றிப் பொருத்த நேரிடும்.
* கோப்புறைகள்: பணியில் உள்ளவை, வெளியிடப்பட்டவை, பழையவை என மூன்றாகப் பிரிக்கப்படும்.
* வெளியீடு: ஒப்புதலுக்குப் பின் வரைபடம் பிடிஎஃப் வடிவிலும், முப்பரிமாண உரு ஸ்டெப் வடிவிலும் திருத்த எழுத்துடன் கூடிய பெயரில் சேமிக்கப்பட்டு, படிக்க மட்டும் உரியவையாக ஆக்கப்படும். பட்டறைக்கு இவை மட்டுமே செல்லும்.
* காப்பகம்: திருத்தத்தைத் தொடங்குமுன், மூலக் கோப்புகள் தொடர்புடைய கோப்புகளுடன் சேர்த்துச் சுருக்கப்பட்டுப் பழையவை கோப்புறையில் வைக்கப்படும். சுருக்கிய கோப்பினுள் இருப்பதை வடிவமைப்பு மென்பொருள் தவறுதலாகத் திறக்க இயலாது.
* மாற்றப் பதிவேடு: நாள், பாக எண், பழைய மற்றும் புதிய திருத்தம், காரணம், ஒப்புதல் அளித்தவர், பாதிக்கப்படும் தொகுப்புகள் ஆகியவை பதியப்படும். ஏற்கனவே செய்து வைத்துள்ள பாகங்களைப் பயன்படுத்துவதா, சீரமைப்பதா, கழிப்பதா என்பதும் இதில் இடம்பெற வேண்டும்.

வரம்புகள்

இம்முறை முழுவதும் மனித ஒழுங்கையே நம்பியுள்ளது. ஒரு பாகம் எந்தெந்தத் தொகுப்புகளில் பயன்படுகிறது என்பதை முழுமையாக அறிவது கடினம். இருவர் ஒரே கோப்பைத் திறக்கும்போது சாலிட்வொர்க்ஸ் இரண்டாமவருக்குப் படிக்கும் உரிமையை மட்டும் அளிக்கிறது. ஆனால் ஒருவர் தம் கணினிக்குப் படியெடுத்துச் சென்றால் இப்பாதுகாப்பு பயன்படாது.

நிரலாளர்கள் பயன்படுத்தும் சப்வெர்ஷன் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள்கள் ஓரளவு உதவும். எனினும் வடிவமைப்புக் கோப்புகள் இருமக் கோப்புகளாதலால், இருவர் செய்த மாற்றங்களை நிரல் வரிகளைப் போல ஒன்றிணைக்க இயலாது. எனவே 2005 இல் சப்வெர்ஷன் 1.2 இல் சேர்க்கப்பட்ட பூட்டும் வசதி போன்றவை இன்றியமையாதவை. வடிவமைப்பாளர்களின் எண்ணிக்கை கூடும்போதும், பணி ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் நடைபெறும்போதும் தனித் தரவு மேலாண்மை மென்பொருளுக்கு மாறுவது வழக்கம். அப்போதும் ஒழுங்கான பாக எண்களும் மாற்றப் பதிவேடும் இருந்தால் தரவுகளை மாற்றுவது எளிதாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* பொறியியல் வரைபடம்
* கணினிவழி வடிவமைப்பு
* பதிப்புக் கட்டுப்பாடு