4.2 வோல்ட் வரைக்கும்: லித்தியம் பேட்டரியை சார்ஜ் செய்யக் கற்ற கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக லேசாகத் திருத்தியது.)

2014 அக்டோபர்ல அமெரிக்க அரசின் தீயணைப்பு நிர்வாகம் ஒரு சின்ன அறிக்கை வெளியிட்டது. மின்சிகரெட்டால் வந்த தீ, வெடிப்பு பற்றிய அறிக்கை. 2009லிருந்து 2014 ஆகஸ்ட் வரை அந்த நாட்டு ஊடகங்கள்ல வந்த 25 சம்பவங்களை அதில் தொகுத்திருந்தாங்க. 25 ஒண்ணும் பயமுறுத்துற எண் இல்லை. ஆனா அதுல 80 சதவீதம் பேட்டரி சார்ஜ் ஆகும்போது நடந்தது. அதாவது யாரும் வாயில் வெச்சு இழுத்துக்கிட்டு இல்லை. மேசை மேல, கம்ப்யூட்டர் பக்கத்துல, யூஎஸ்பியில் சொருகி சும்மா கிடந்த ஒரு பேனா சைஸ் பொருள்.

மின்சிகரெட் நல்லதா கெட்டதான்னு இந்த எபிசோடில் பேசப் போறதில்லை. இந்தியாவில் 2019லயே அதன் தயாரிப்பு, விற்பனை, விளம்பரம் எல்லாத்தையும் சட்டம் போட்டுத் தடை பண்ணியாச்சு. எனக்கு ஆர்வம் உள்ளே இருக்கும் பேட்டரி மேலதான். அதே வகை பேட்டரி உங்க பவர் பேங்க்லயும் இருக்கலாம், டார்ச் லைட்லயும் இருக்கலாம். 2009க்குள்ள லித்தியம் பேட்டரியை எப்படி சார்ஜ் பண்ணணும்னு உலகத்துக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்ச விஷயம் ஏன் திரும்பத் தீப்பிடிச்சது?

1970கள்லிருந்து ஆரம்பிக்கணும். பெட்ரோல் தட்டுப்பாட்டுக் காலம். எக்ஸான் எண்ணெய் கம்பெனியே பெட்ரோலுக்கு மாற்று தேடிக்கிட்டு இருந்தது. அங்கே ஸ்டான்லி விட்டிங்ஹாம் ஒரு ரீசார்ஜபிள் பேட்டரி செஞ்சார். ஒரு பக்கம் டைட்டானியம் டைசல்ஃபைடு, மறுபக்கம் சுத்தமான லித்தியம் உலோகம். கரன்ட் கொடுக்கும்போது பிரச்சினை இல்லை. சார்ஜ் பண்ணும்போதுதான் வம்பு. வெளியே போன லித்தியம் திரும்பி வரும்போது சுவர்ல பெயின்ட் மாதிரி சமமா படியாது. முடி மாதிரி, முள்ளு மாதிரி வளரும். அந்த முள் நடுவில் இருக்கும் தடுப்பைத் துளைச்சு மறுபக்கத்தைத் தொட்டா உள்ளுக்குள்ளயே ஷார்ட் சர்க்யூட். எக்ஸான் ஆய்வகத்துக்குத் தீயணைப்புப் படை பலமுறை வர வேண்டியிருந்தது. லித்தியம் தீயை அணைக்கத் தனி ரசாயனம் வேணும். கடைசியில் ‘அந்தச் செலவை நீங்களே கொடுங்க’ன்னு ஆய்வகத்தை மிரட்டுற அளவுக்குப் போனாங்களாம்.

இது ஆய்வகத்துக்குள்ள நடந்தது. வீதிக்கு வந்தது 1989ல. கனடாவின் மோலி எனர்ஜி கம்பெனி லித்தியம் உலோக ரீசார்ஜபிள் பேட்டரியைக் கடைக்கே கொண்டு வந்திருந்தது. ஜப்பானில் அது பொருத்தின மொபைல் போன் தீப்பிடிச்சது. பேட்டரிகளைத் திரும்பப் பெற்றாங்க, கம்பெனி திவால் நிலைக்குப் போயிடுச்சு.

அதே காலத்தில் ஜப்பானின் அசாஹி கசெய் கம்பெனியில் அகிரா யோஷினோ வேற வழியில் போய்க்கிட்டு இருந்தார். ஜான் குட்இனஃப் குழு 1980ல ஆக்ஸ்ஃபோர்டில் கண்டுபிடிச்ச கோபால்ட் ஆக்சைடை ஒரு பக்கம் வெச்சார். மறுபக்கம் லித்தியம் உலோகத்தையே தூக்கிட்டு, பெட்ரோலியத்தில் மிஞ்சும் ஒரு வகைக் கரியை வெச்சார். இப்போ லித்தியம் எங்கேயும் உலோகமா இருக்காது. அயனியா இங்கிருந்து அங்கே போய், கரியின் அடுக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்துக்கும். அவர் செஞ்ச சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பேட்டரி மேல ஒரு கனமான இரும்புத் துண்டைப் போட்டார். ஒண்ணும் ஆகலை. லித்தியம் உலோக பேட்டரி மேல அதே மாதிரி போட்டார், பயங்கரமா வெடிச்சது. 1991ல சோனி இந்த வழியில் வந்த லித்தியம் அயன் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. விட்டிங்ஹாம், குட்இனஃப், யோஷினோ மூணு பேருக்கும் 2019ல நோபல்.

கதை இங்கே சுபம்னு நினைக்க வேண்டாம். ‘ஒழுங்கா சார்ஜ் பண்ணா’ங்கிற நிபந்தனை அப்படியேதான் இருந்தது. இந்த வகை செல்லுக்கு எல்லை 4.2 வோல்ட். அதைத் தாண்டித் திணிச்சா, கரியில் இடமில்லாம லித்தியம் திரும்பவும் உலோகமா மேல படிய ஆரம்பிக்கும். நாம எதைத் தூக்கி வெளியே போட்டோமோ அதுவே உள்ளே திரும்ப வருது! இன்னொரு பக்கம் கோபால்ட் ஆக்சைடு நிலைகுலைஞ்சு ஆக்சிஜனை விடும். உள்ளே இருக்கும் திரவமோ எரியக்கூடியது. சூடு ரசாயன வினையைக் கூட்டும், வினை சூட்டைக் கூட்டும், அப்புறம் நிறுத்த முடியாது.

அதனால சார்ஜருக்கு ஒரு கண்டிப்பான நடைமுறை வேணும். முதல்ல ஒரே அளவு கரன்ட். செல் 4.2 வோல்ட்டைத் தொட்டதும் வோல்ட்டை அங்கேயே பிடிச்சு வெச்சு, கரன்ட் தானாகக் குறைய விடணும். அது ரொம்பச் சின்னதா ஆனதும் முழுசா நிறுத்தணும். பழைய நிக்கல் காட்மியம் மாதிரி ‘கொஞ்சம் கொஞ்சமா ஏறிக்கிட்டே இருக்கட்டும்’னு விட முடியாது. பிழைக்கு இடம் சுமார் 0.05 வோல்ட்தான். லேப்டாப், கேமரா செய்தவங்க இதை முழுக்கத் தங்க பொறுப்பில் வெச்சுக்கிட்டாங்க. செல்லைத் தனியா யார் கையிலும் கொடுக்கலை. பாதுகாப்பு சர்க்யூட்டோட ஒரு பெட்டிக்குள் பூட்டி, அவங்க சார்ஜரோட சேர்த்துக் கொடுத்தாங்க. அப்படியும் 2006ல சோனி செல்களில் உலோகத் துகள் கலந்துபோய், டெல் கம்பெனி மட்டும் 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தது.

இப்போ மின்சிகரெட்டுக்கு வருவோம். சீனாவின் மருந்தாளர் ஹோன் லிக் 2003 வாக்கில் உருவாக்கின சாதனம், சில வருஷத்தில் உலகச் சந்தைக்குப் போயிடுச்சு. அதில் 510ன்னு ஒரு திருகு மரை பிரபலம் ஆச்சு. ஒரு கம்பெனியின் புகைக்கும் முனை இன்னொரு கம்பெனியின் பேட்டரியில் பொருந்தும். வாங்குறவங்களுக்கு ரொம்ப வசதி. சிக்கல் என்னன்னா, அதே மரையில்தான் சார்ஜரையும் திருகணும். 4.2ல நிறுத்தும் வேலையைச் சிலர் சார்ஜருக்குள் வெச்சாங்க, சிலர் பேட்டரிக்குள் வெச்சாங்க. ஒருத்தரோட சார்ஜர், இன்னொருத்தரோட பேட்டரி. ரெண்டுலயும் அந்த சர்க்யூட் இல்லைன்னா யூஎஸ்பியின் 5 வோல்ட் நேரா செல்லுக்குள்ள போகும். ஆனா மரை என்னவோ அழகா பொருந்தும்!

2014 அறிக்கை, கம்பெனி கொடுக்காத அடாப்டரையும் யூஎஸ்பி போர்ட்டையும் பயன்படுத்துறதைக் காரணமாகச் சொல்லுது. அது உண்மைதான். ஆனா பயனர் மேல பழியைப் போட எனக்கு மனசு வரலை. நான் எழுதின ஏபிஐ தப்பான இன்புட்டையும் வாங்கிக்கிட்டு சர்வரை எரிச்சா, கால் பண்ணவரையா திட்டுவீங்க? பொருந்தக் கூடாதது பொருந்தவே கூடாது. வடிவமும் ஒரு காரணம்னு அதே அறிக்கை சொல்லுது. நீளமான உருளை, பலவீனமான இடம் முனையில். முனை பிய்ச்சுக்கிட்டா பேட்டரி குண்டு மாதிரி, ராக்கெட் மாதிரி பறக்கும்.

2015ல விமானங்களில் மின்சிகரெட்டை செக்-இன் பெட்டியில் வைக்கவும், விமானத்துக்குள் சார்ஜ் பண்ணவும் தடை வந்தது. 2017ல அதே நிர்வாகம் அடுத்த அறிக்கையை வெளியிட்டது. 2016 முடிவு வரைக்கும் மொத்தம் 195 சம்பவங்கள், 133 பேருக்குக் காயம். இதில் சார்ஜ் ஆகும்போது நடந்தது 48தான். பாக்கெட்டில் இருந்தபோது 61.

ஏன் இப்படி மாறுச்சு? என் கணிப்பைச் சொல்றேன். இதுக்குள்ள பெரிய சாதனங்கள் வந்திருந்தன. அதில் 18650 செல்லை, அதாவது 18 மி.மீ. தடிமன், 65 மி.மீ. நீளம், கழட்டி மாட்டலாம். ஆட்கள் தனி செல்லை வாங்கிப் பாக்கெட்டில் போட ஆரம்பிச்சாங்க. அந்தச் செல்லின் வெளி உடம்பு முழுக்க நெகட்டிவ். ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறைதான் காப்பு. உறை கிழிஞ்சு, பக்கத்தில் சாவியோ சில்லறையோ இருந்தா போதும். லேப்டாப்காரங்க பூட்டி வெச்ச பெட்டி இங்கே இல்லை. அதனாலதான் தனி செல் வெச்சிருக்கிறவங்ககிட்ட எப்பவும் ஒரே பட்டியலைச் சொல்வாங்க: பிளாஸ்டிக் டப்பாவில் வை, உறை கிழிஞ்சா பயன்படுத்தாதே, செல்லுக்குன்னே செஞ்ச சார்ஜரில் மட்டும் போடு, தூங்கும்போது சார்ஜ் போடாதே, மெத்தை மேல வைக்காதே.

2021 ஜனவரியில் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்தப் பட்டியலையும் தாண்டிப் போச்சு. தனி 18650 செல்லை வாங்கவும் வேண்டாம், பயன்படுத்தவும் வேண்டாம்னு மக்களை நேரடியா எச்சரிச்சது. இவை பேட்டரி பேக்குக்குள் வைக்கத் தயாரிச்ச தொழிற்சாலைப் பாகங்கள், நுகர்வோருக்குத் தனியா விற்கிறதுக்கானவை இல்லைன்னு காரணமும் சொன்னது.

அடுத்த எபிசோடில் 2016க்குப் போறோம். பூட்டின பெட்டி, சொந்த சார்ஜர், எல்லாம் இருந்தும் சாம்சங் நோட் 7 ஏன் தீப்பிடிச்சது?