கம்பம் பள்ளத்தாக்கின் பிளேக்கும் முகக்கவசமும்

"என் முகத்தை நான் மூடினால் என்ன, திறந்தால் என்ன? இதில் அரசுக்கு என்ன வேலை?" கொரோனா பரவிய நாட்களில் இக்கேள்வி உங்கள் காதிலும் விழுந்திருக்கும். 2020 செப்டம்பரில் தமிழக அரசு 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் திருத்தியது. பொது இடத்தில் முகக்கவசம் அணியாதவருக்கு 200 ரூபாய் அபராதம் என்றது. கேள்வி நியாயமானதே. அதற்கு விடை காண, இன்றைய தேனி மாவட்டத்தை ஒரு காலத்தில் வருத்திய நோய் ஒன்றைப் பார்ப்போம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் உள்ளது கம்பம் பள்ளத்தாக்கு. 1895இல் பெரியாற்று அணை நீர் மலையைக் குடைந்து இங்கே வந்தது, நெல் செழித்தது. நெல் இருக்கும் இடத்தில் எலியும் இருக்குமல்லவா? இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இப்பள்ளத்தாக்கில் பிளேக் நோய் கண்டது. அதை ஆராய்ந்த ஜார்ஜ், வெப்ஸ்டர் என்ற இருவரின் கட்டுரை 1934இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியாயிற்று.

பிளேக் எப்படிப் பரவுகிறது? கிருமியை 1894இல் எர்சின் கண்டறிந்தார். அதைச் சுமப்பது எலியின் மேலுள்ள தெள்ளுப்பூச்சி என்பதை 1898இல் சிமோன் காட்டினார். எலி செத்து உடல் குளிர்ந்ததும் தெள்ளுப்பூச்சி வேறு சூடான உடலைத் தேடும், மனிதனைக் கடிக்கும், அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டும். நோய் நுரையீரலைத் தாக்காதவரை நோயாளியின் மூச்சால் அது பரவாது. எனவே நெறி கட்டும் பிளேக்கிற்கு முகக்கவசம் பயன்படாது. ஆனால் உங்கள் குதிருக்குள் வளரும் எலி அடுத்த வீட்டுக்காரருக்கும் ஆபத்து. "என் வீடு, என் எலி" என்று இருக்க முடியாது.

இதே நோய் 1910ஆம் ஆண்டு மஞ்சூரியாவில் வேறு வழியில் பரவியது. அங்கே அது நுரையீரலைத் தாக்கியது. இருமலில் தெறித்த துளிகளே கிருமியைச் சுமந்தன. பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியன்-தே, பஞ்சும் மெல்லிய துணியும் சேர்த்த முகக்கவசத்தை அணியச் செய்தார். அதை அணிய மறுத்த பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி நோயாளிகளைப் பார்க்கச் சென்றார். சில நாட்களில் பிளேக்கிலேயே இறந்தார். சுமார் 60,000 பேர் மாண்ட கொள்ளைநோய் அது.

கிருமி ஒன்றே, வழி வேறு. வழி மாறினால் விதியும் மாற வேண்டும். கொரோனாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. காய்ச்சல், இருமல் எதுவும் தோன்றாத ஒருவரும் அதைப் பரப்பக்கூடும். தம்மிடம் நோய் இருப்பதே தெரியாதவர், பிறரைக் காக்க வேண்டுமா என்பதை எப்படித் தாமே முடிவு செய்வார்? பொது விதிக்கு நியாயம் இங்கேதான் பிறக்கிறது.

ஆனால் நியாயம் மட்டும் போதாது. 1897இல் பிளேக்கிற்காகக் கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. புனாவில் சிப்பாய்கள் வீடு புகுந்து சோதித்தனர், மக்கள் கொதித்தனர், பிளேக் அதிகாரி ராண்ட் அவ்வாண்டே சுடப்பட்டு இறந்தார். காரணம் சொல்லாத கட்டளை, நோயை விட அதிகாரியையே அஞ்ச வைக்கும். அஞ்சியவர் நோயை மறைப்பார்.

எனவே வாசகரே, சுகாதாரக் கட்டளை ஒன்று வரும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். நோய் எவ்வழி பரவுகிறது? இக்கட்டளை அவ்வழியை அடைக்கிறதா? ஆபத்து தணிந்ததும் இது விலக்கப்படுமா? மூன்றிற்கும் தெளிவான விடை கிடைத்தால், முகக்கவசம் அணிவது அடுத்தவருக்கு நாம் செய்யும் கடமை. விடை கிடைக்காவிட்டால், அதைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை.