திரையில் மாறும் படம் எதன் சாட்சி?

கணினித் திரையில் ஒரு படத்தை நீக்கி மற்றொன்றை வைப்பது நிரலாளருக்கு ஓரிரு வரி வேலை. அம்மாற்றம் எந்தக் கணத்தில் நிகழ வேண்டும் என்ற கேள்வியோ கணினியினும் மூத்தது. ரயில் நிலையங்கள் அதை முன்பே சந்தித்தன.

காட்பாடி–திருப்பதி பாதையிலிருந்து தர்மாவரம் பாதை பிரியும் பாகாலா போன்றதொரு சந்திப்பை எண்ணிக்கொள்ளலாம். கம்பியால் இயங்கிய கைகாட்டிக் காலத்தில், நெம்புகோலை இழுத்தவருக்குத் தாம் இழுத்தது மட்டுமே உறுதி. தொலைவில் கை இறங்கியதா என்பது வேறு செய்தி.

1872இல் வில்லியம் ராபின்சன் காப்புரிமை பெற்ற தடச்சுற்று, சாட்சி சொல்லும் பொறுப்பைத் தண்டவாளத்துக்கே மாற்றியது. வண்டியின் சக்கரங்கள் மின்னோட்டத்தைத் திசைதிருப்ப, ரிலே விழும். கம்பி அறுந்தாலும் அது விழும்; அதாவது பழுதும் ‘வண்டி நிற்கிறது’ என்றே காட்டும். பின்னாளில் நிலைய அதிகாரியின் பலகையிலும், அதன்பின் கணினித் திரையிலும் தடத்தின் படம் சிவப்பாவது இந்தச் சாட்சியத்தின் பேரில்தான். பொத்தானை அழுத்தியதன் பேரில் அன்று. பாதை பிரியும் முனை நகர்கையில் அதன் குறி சிமிட்டும். முனை பூட்டிக்கொண்ட பிறகே நிலைக்கும்.

1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் ஒரு விளக்கு அணைந்தது. மூடும் கட்டளை போனதற்கு மட்டுமே அது அடையாளம். வால்வு இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகத் திறந்தே கிடந்தது.

மேசைக்கணினிச் செயலிகள் சில இன்றும் அவ்விளக்கின் வழியிலேயே எழுதப்படுகின்றன. சொடுக்கிய கணமே ‘சேமிக்கப்பட்டது’ என்னும் படம் தோன்றிவிடுகிறது. கோப்பு அப்போதும் வட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பதில்லை.