பயங்கரமாகப் பின்னியவர்கள்

ஒருவர் எதையாவது பிரமாதமாகச் செய்துவிட்டால் தமிழில் ‘பின்னிட்டான்’ என்கிறோம். ‘பயங்கரமா பாடுறா’ என்றால் அந்தப் பாட்டைக் கேட்டு யாரும் பயப்படவில்லை என்று நமக்குத் தெரியும். வட இங்கிலாந்தில் டென்ட் என்ற பள்ளத்தாக்குக் கிராமத்து மக்களுக்கு இந்த இரண்டு சொற்களும் சேர்ந்தே பட்டப்பெயராக அமைந்தன: டென்ட்டின் பயங்கரப் பின்னல்காரர்கள். அங்கேயும் பயங்கரம் என்றால் அசுர வேகம் என்றுதான் பொருள். அவர்கள் பின்னியது காலுறை, கையுறை, தொப்பி.

பதினெட்டாம் நூற்றாண்டில் அந்தப் பக்கத்து விவசாயிக்கு நிலத்திலிருந்து கிடைத்தது போதவில்லை. ஆடு இருந்தது, கம்பளி இருந்தது, கை இருந்தது. ஆண், பெண், குழந்தை என்று எல்லோரும் பின்னினார்கள். சந்தைக்கு நடந்து போகும்போதும் பின்னினார்கள். இடுப்புப் பட்டையில் ஒரு மரத்துண்டைச் செருகிக்கொள்வார்கள். அதன் துளையில் வலது ஊசியின் அடி நின்றுகொள்ளும். ஊசியைப் பிடிக்கும் வேலை இல்லாததால் விரல்கள் நூலை மட்டும் பார்த்துக்கொள்ளும். வேகத்தின் ரகசியம் இதுதான். காதலிக்குப் பரிசாக அந்த மரத்துண்டைச் செதுக்கிக் கொடுத்த பையன்களும் உண்டு. பரிசு என்னவோ அழகுதான், ஆனால் அது வேலைக்கருவி என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். பக்கத்து ஊர்களின் வியாபாரிகள் நூலைக் கொடுத்து, பின்னியதை எடுத்துக்கொண்டு கூலி தருவார்கள். போர் வந்தால் ராணுவத்துக்குக் காலுறை தேவைப்படும், கிராமத்துக்கு வேலை வரும்.

குளிர்கால இரவுகளில் அக்கம்பக்கத்தார் ஒரே வீட்டில் கூடுவார்கள். ‘உட்காரப் போகிறோம்’ என்பதுதான் அதற்குப் பெயர். ஒரே அடுப்பு, ஒரே வெளிச்சம், எல்லோருக்கும் செலவு மிச்சம். நிலவியலாளர் ஆடம் செட்ஜ்விக் 1785இல் இதே டென்ட்டில் பிறந்தவர். ‘கேம்பிரியன்’ என்ற காலகட்டத்துக்குப் பெயர் வைத்தவர், டார்வினின் ஆசிரியர்களில் ஒருவர். 1868இல், எண்பது வயது தாண்டிய பிறகு, தன் சிறுவயது ஊரைப் பற்றி எழுதும்போது இந்தக் கூட்டங்களை நினைவுகூர்கிறார். எல்லோரும் சத்தமாகக் கதையடித்துக் கொண்டிருப்பார்களாம். நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒரு பெண்ணிடம் புத்தகத்தைக் கொடுப்பார்கள். அவள் கையிலிருக்கும் பின்னலை நிறுத்தாமலே ராபின்சன் க்ரூசோவிலிருந்து ஒரு அத்தியாயம் வாசிப்பாள். அறையில் அவள் குரலும் ஊசிகள் உரசும் சத்தமும் மட்டும் மிஞ்சும்.

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏன்னா கிட்டத்தட்ட இதையே நாங்களும் செய்திருக்கிறோம். போன டிசம்பரில் நண்பர்கள் ஐந்து பேர் கொடைக்கானலில் ஒரு வாரக்கடைசியைக் கழித்தோம். அதில் மூன்று பேர் சாக்ஸ் பின்னுகிறவர்கள். மழை விடவே இல்லை, ஊர் சுற்றும் திட்டமெல்லாம் காலி. ஒருத்தி புதுமைப்பித்தனைச் சத்தமாக வாசித்தாள், நாங்கள் பின்னினோம். சாக்ஸில் கணுக்கால் வரை கஷ்டமே இல்லை. அறுபத்து நாலு கண்ணிகள், நாலு ஊசிகளில் பிரித்து வைத்து, ஐந்தாவது ஊசியால் சுற்றிச் சுற்றிப் போட்டுக்கொண்டே போகலாம். குதிகாலில்தான் சிக்கல். அங்கே பாதி வரிசையில் திரும்பி, மறுபடி திரும்பி, துணிக்கு ஒரு கிண்ணம் போல வளைவு கொடுக்க வேண்டும். குதிகால் வந்ததும் கதை தானாக நின்றுவிடும், ‘இருடி, எண்ணிட்டிருக்கேன்’ என்று யாராவது கத்துவார்கள். இரண்டு நாளில் எனக்கு முடிந்தது ஒன்றே கால் சாக்ஸ்.

ஆனால் டென்ட்டைப் பற்றி இன்னொரு கதையும் இருக்கிறது. கவிஞர் ராபர்ட் சதே தன் ‘தி டாக்டர்’ நூலில் அதைச் சேர்த்திருக்கிறார். பெட்டி, சாலி என்று இரண்டு சகோதரிகள். அக்காவுக்கே ஏழெட்டு வயதுதான். ஏரி மாவட்டத்தில் லாங்டேல் அவர்கள் ஊர். பின்னல் கற்றுக்கொள்ள டென்ட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். எந்நேரமும் பின்னல். எழுந்தால் பின்னல், உட்கார்ந்தால் பின்னல். சாப்பாடு பிடிக்கவில்லை, அம்மா ஞாபகம். யாரிடமும் சொல்லாமல் கிளம்பி, குளிரில் மலைப்பாதையில் நடந்தே வீட்டுக்குத் திரும்பினார்கள். கிழவியான பிறகு பெட்டி தன் வட்டார மொழியில் சொன்ன கதை இது. செட்ஜ்விக்கின் அறையில் இருந்த அதே அடுப்பு, அதே ஊசிச் சத்தம்தான் இந்தக் குழந்தைகளின் அறையிலும் இருந்திருக்கும்.

இயந்திரம் வந்து இந்தக் கைகளுக்கு ஓய்வு கொடுத்ததா? நாட்டிங்காம்ஷயரைச் சேர்ந்த வில்லியம் லீ 1589லேயே பின்னல் தறியைக் கண்டுபிடித்துவிட்டார். கை ஒரு நேரத்தில் ஒரு கண்ணி போடும், தறி ஒரு வரிசையையே போடும். ஏழைகளின் பிழைப்பு போய்விடும் என்று எலிசபெத் ராணி அவருக்கு உரிமம் மறுத்ததாகச் சொல்வார்கள். பிறகு அந்தத் தறியே ஏழைகளின் பிழைப்பானது, அதுவும் முதலாளிக்கு வாடகை கட்டி வீட்டில் வைத்துக்கொண்ட தறி. 1811இல் அதே நாட்டிங்காம்ஷயரில் தறிகளை உடைத்த லுட்டைட்டுகளை இயந்திர விரோதிகள் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அவர்களே தறிக்காரர்கள்தான். கூலிக் குறைப்பையும், அகலத் துணியை வெட்டித் தைத்து மலிவாக விற்ற காலுறைகளையும் எதிர்த்தார்கள். தறியை உடைத்தால் தூக்கு என்று 1812இல் சட்டம் வந்தது. பிரபுக்கள் சபையில் பைரன் தன் முதல் பேச்சிலேயே அதை எதிர்த்தார். சட்டம் நிறைவேறிவிட்டது.

பின்னிய துணியை வெட்டித் தைப்பதுதான் இன்று எங்கள் திருப்பூரின் முழுநேர வேலை. நான் வளர்ந்த தெருவில் பனியன் கம்பெனியிலிருந்து வீடுகளுக்குப் பண்டல் பண்டலாகத் துணி வரும். அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காக்களும் டியூப்லைட் வெளிச்சத்தில் வட்டமாக உட்கார்ந்து பிசிறு வெட்டுவார்கள். டிவியில் சீரியல் ஓடும். நிமிராமலே கதையைப் பின்தொடர்வார்கள். சிரிப்புக்குக் குறைவே இருக்காது. அந்தச் சிரிப்பு பொய் இல்லை. டஜனுக்கு இவ்வளவு என்ற கூலி குறைவாக இருந்ததும் பொய் இல்லை. கூட்டமாக உட்கார்ந்து சிரித்ததால் யாருக்கும் கூலி ஏறவில்லை.

கொடைக்கானலிலிருந்து வந்ததும் அம்மாவிடம் என் சாக்ஸைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள், தையலே இல்லாததைக் கவனித்தாள். ‘ஏங்கண்ணு, இதுக்கு டஜனுக்கு எத்தன குடுப்பாங்க?’ என்றாள். கூலி இல்லை, பொழுதுபோக்கு என்றேன். ‘கூலியில்லாம இவ்ளோ நேரமா?’ என்று சிரித்தாள்.

அந்தக் கேள்விக்கு இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. கைவேலை மனசுக்கு நல்லது, பழங்காலத்தில் எல்லோரும் சேர்ந்து சந்தோஷமாகப் பின்னினார்கள் என்று எழுதுகிறவர்கள் செட்ஜ்விக்கை மட்டும் படிக்கிறார்கள். பெட்டியையும் படிக்க வேண்டும். இரண்டு அறைகளுக்கும் வித்தியாசம் ஊசியில் இல்லை, நூலில் இல்லை, சுற்றி உட்கார்ந்த ஆட்களிடமும் இல்லை. கை வலிக்கும்போது கீழே வைத்துவிடலாமா என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. என் சாக்ஸை மூன்று மாதம் கூடையில் போட்டு வைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. அம்மாவின் பண்டல் மறுநாள் காலை எட்டு மணிக்குத் திரும்பிப் போயாக வேண்டும்.