புள்ளி வைத்த எழுத்தும் இடம் மாறிய எழுத்தும்

தருமபுரி அகழ்வைப்பகத்து நடுகற்களில் வட்டெழுத்தைத் தடவிப் படிக்கும்போது ஒன்று உறுத்தும். பல இடங்களில் புள்ளி இருக்காது. மெய்யா உயிர்மெய்யா என்பதை வாசிக்கிறவர்தான் முடிவு செய்யணும்.

போன மாதம், தொண்ணூறுகளில் இங்கே சிற்றிதழ் நடத்திய அண்ணன் ஒருவர் பழைய பிளாப்பியிலிருந்து எடுத்த கோப்பைக் கொடுத்தார். 1997இல் டிடிபி கடையில் அடித்த கட்டுரை. திறந்தால் ஐரோப்பிய எழுத்துகளின் குப்பை. எழுத்துரு தொலைந்துபோச்சு, கட்டுரையும் போன மாதிரிதான்.

அன்றைய எட்டு பிட் முறையில் மொத்தம் 256 இடங்கள். முதல் 128 ஆங்கிலத்துக்கு. மிச்சத்தில் எழுத்துரு செய்தவர்கள் தமிழைத் தங்கள் இஷ்டத்துக்கு அடுக்கினார்கள். ஒவ்வொரு எழுத்துருவும் ஒரு குறுநிலம். இந்திய அரசின் இஸ்கி (1988, 1991) எல்லா இந்திய எழுத்துகளையும் ஒரே அச்சில் வார்த்தது, அச்சு தேவநாகரியுடையது. 1991இல் வந்த யூனிகோட் அதன் 1988 வடிவத்தை எடுத்துக்கொண்டது. அதில் 'க' அடிப்படை. 'க்' என்பது 'க'வோடு புள்ளி சேர்ந்தது. தொல்காப்பிய மரபில் மெய்தான் அடிப்படை, உயிர் சேர்ந்தால் உயிர்மெய். தலைகீழாக்கம் இது. வெறும் தொழில்நுட்பம் என்று இதைத் தள்ளிவிட முடியாது.

மாற்றுகள் வந்தன. மலேசியா, சிங்கப்பூர், சுவிட்சர்லாந்து, அமெரிக்கா எனச் சிதறிக் கிடந்த தமிழர்கள் மின்னஞ்சலில் விவாதித்தே டிஸ்கியை உருவாக்கினார்கள். கண்ணில் தெரிகிற வரிசையிலேயே சேமிப்பது அது: 'கொ' என்றால் கொம்பு, க, கால். மூன்று பைட். யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவில் அதே 'கொ'வுக்கு ஆறு. ஆங்கில எழுத்துக்கு ஒன்றுதான்! தொலைபேசிக் கம்பியில் ஊர்ந்த அன்றைய இணையத்தில் இந்த வரி சாதாரணமில்லை.

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்'99 மாநாடு. அந்த ஜூனிலேயே தமிழக அரசு டாம், டாப் என இரண்டை அங்கீகரித்தது. டாம் ஒருமொழி, டாப் இருமொழி. இந்த இரண்டாவது மொழி எது? ஆங்கிலம். தெலுங்கும் கன்னடமும் புழங்கும் எங்கள் மாவட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் பெயரை அவருடைய எழுத்தில் அந்தப் பக்கத்தில் எழுத வழியில்லை. தேசிய அச்சை எதிர்த்த நாமே பக்கத்தை ஒருமொழிப் பிரதேசமாகக் கற்பனை செய்துகொண்டோம். இதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

2010இல் அரசு யூனிகோடை ஏற்றது, கூடவே டேஸ்16ஐயும். பின்னதில் உயிர், மெய், உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம். இலக்கணத்துக்கு நியாயமானதுதான். ஆனால் அது உட்கார்ந்திருப்பது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில். பெறுகிறவரிடம் அதற்கான எழுத்துரு இல்லையென்றால் வெறும் பெட்டி பெட்டியாகத் தெரியும். மறுபடி குறுநிலம்! தேவநாகரி அச்சு பற்றிய விமர்சனம் சரி. அதனால் தனிக் குறியேற்றம்தான் வழி என்ற முடிவு எனக்கு ஒப்பவில்லை. போய்ச் சேராத எழுத்தை வைத்து என்ன செய்ய?

அண்ணனும் நானும் அந்தக் கோப்பைக் கல்வெட்டு மாதிரி படித்துக்கொண்டிருக்கிறோம். சொல்லின் கடைசியில் வராத குறிகளில் ஒன்று கொம்பாக இருக்கணும் என்று தொடங்கினோம். முதல் பக்கம் தேறிவிட்டது. தலைப்பு வேறு எழுத்துருவில் இருக்கிறது, அது இன்னும் பிடிபடவில்லை.