ஈய உறை முதல் ஜெல்லி கேபிள் வரை

நம் கிராமங்களுக்குத் தொலைபேசி ஏன் அவ்வளவு தாமதமாக வந்தது என்று கேட்டால், எக்ஸ்சேஞ்ச் போதவில்லை, அரசிடம் பணம் இல்லை என்பார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் தென்காசி மாவட்டத்துக் கீழப்பாவூரை வைத்துப் பார்த்தால் அந்தப் பதில் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே பாயும் காற்று, ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னலோடு இறங்கும் மழை, குளத்துப் பாசன வயல்கள், காற்றாலைகளின் மின்சாரத்தைச் சுமந்துபோகும் உயரழுத்தக் கம்பிகள் என இத்தனையையும் தாண்டித்தான் இங்கே ஒரு பேச்சு ஊர்விட்டு ஊர் போக வேண்டும். ஈரம், மின்னல், பக்கத்து மின்கம்பியின் தூண்டல் மூன்றும் தொலைபேசிக் கம்பிக்குப் பகை. ஆகவே இந்த வட்டாரத்தில் தொலைபேசியின் தரத்தை முடிவு செய்தது உள்ளே ஓடிய செம்பைவிட அதைச் சுற்றியிருந்த உறைதான் என்கிறேன்.

தொடக்கத்தில் உறையே கிடையாது. 1903-ல் ரயில் பாதை திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து செங்கோட்டையை எட்டியபோது, இருப்புப்பாதையை ஒட்டித் தந்திக் கம்பங்களும் நின்றன. பீங்கான் குமிழ்களில் கட்டிய வெறுங்கம்பிகள் அவை. தந்தியின் கட்டு கடா ஓசைக்கு அது போதும். மனிதக் குரலுக்குப் போதாது. இரைச்சலைக் குறைக்கக் கம்பிகளைக் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றிக் கட்டினார்கள். பிறகு இன்னொரு தொல்லை சேர்ந்தது. செம்புக்கு விலை இருந்ததால் கம்பி களவு போயிற்று. தந்திக் கம்பியைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதையே குற்றமாக்கி 1950-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்றால் அந்தக் களவின் அளவை ஊகித்துக்கொள்ளலாம். பெருநகரங்களில் மண்ணுக்கடியில் போட்ட கேபிள் வேறு வகை: காகிதம் சுற்றிய செம்பு, அதன்மேல் ஈய உறை. உறை முழுதாக இருக்கும்வரை அருமையான பொருள். ஓர் ஊசித்துளை விழுந்தாலோ காகிதம் தண்ணீரைக் குடித்து அந்த நீளம் முழுவதும் ஊமையாகிவிடும். பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த இந்தக் கேபிளை உள்நாட்டிலேயே செய்ய 1952-ல் மேற்கு வங்கத்தின் ரூப்நாராயண்பூரில் இந்துஸ்தான் கேபிள்ஸ் என்ற அரசு நிறுவனம் அமைந்தது. ஈய உறையை உருக்கி ஒட்டத் தெரிந்த ஜாயிண்ட்டர் எல்லா ஊரிலும் கிடைக்கமாட்டார் என்பதால், கேபிள் கிடைத்தாலும் சிற்றூருக்கு அது ஒத்துவராத பொருளாகவே இருந்தது.

அந்த முட்டுக்கட்டையை உடைத்தது 1980களில் பரவலான ஜெல்லி கேபிள். அதன் குறுக்குவெட்டைப் பார்த்தாலே ஒவ்வோர் அடுக்கும் எந்தப் பகைக்கு விடை என்று தெரியும். அரை மில்லிமீட்டர் செம்புக்கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டிருக்கும். ஒரு ஜோடியின் பேச்சு அடுத்த ஜோடியில் கேட்காதிருக்க முறுக்கின் அளவு ஜோடிக்கு ஜோடி மாறும். பத்தே நிறங்களைக் கொண்டு இருபத்தைந்து ஜோடிகளைப் பிரித்தறியலாம். இடைவெளி எங்கும் பெட்ரோலிய ஜெல்லி நிறைந்திருப்பதால் உறை கிழிந்தாலும் தண்ணீர் நெடுந்தூரம் ஊறாது. அதற்குமேல் பாலித்தீன் பூசிய அலுமினியப் பட்டை, இதுதான் ஷீல்டு. வெளியே எலிப்பல்லுக்கும் மண்வெட்டிக்கும் ஈடுகொடுக்க இரும்புப் பட்டை. அலுமினியப் பட்டை ஈரத்தைத் தடுப்பதோடு, பக்கத்து மின்கம்பி தூண்டும் மின்னோட்டத்தைத் தானே வாங்கி மண்ணுக்கு அனுப்புகிறது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு ஜாயிண்டிலும் பட்டையோடு பட்டை சேர வேண்டும், முனையில் எர்த் இருக்க வேண்டும். இணைக்காத ஷீல்டு வெறும் தகரம். வாங்கும்போது காட்டிய கவனத்தைப் பதிக்கும்போதும் காட்டினால்தான் மழைக்காலத்திலும் குரல் தெளிவாகக் கேட்கும்.

எக்ஸ்சேஞ்ச்தான் முதல் தடை என்போருக்கு ஒரு சான்றை நினைவூட்டலாம். மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனமான சி-டாட் வடிவமைத்த சிறிய கிராமப்புற எக்ஸ்சேஞ்ச் 1986-ல் கர்நாடகத்தின் கிட்டூரில் இயங்கத் தொடங்கியது. 128 போர்ட்டுகள் கொண்ட அதற்கு ஏ.சி. அறைகூடத் தேவையில்லை. அந்தத் தடை அப்படித் தளர்ந்த பிறகும், எக்ஸ்சேஞ்சிலிருந்து குக்கிராமம் வரையான கடைசிச் சில கிலோமீட்டர்கள் தளரவில்லை. கேபிளே வேண்டாமென்று 1990களில் எம்.ஏ.ஆர்.ஆர். என்ற ரேடியோ முறையில் ஆயிரக்கணக்கான கிராமப் பொதுத் தொலைபேசிகளை நிறுவினார்கள். அவை சரிவர உழைக்காததால் பின்னாளில் மாற்ற வேண்டியதாயிற்று. கேபிளைத் தவிர்க்கப் பார்த்த முயற்சியே கேபிளின் இடத்தை நிரூபித்தது.

கண்ணாடி இழை வந்தபின் ஷீல்டு எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ஒளிக்கு மின்தூண்டல் கிடையாது. பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் இழைக் கேபிள் கொண்டுபோவது சரியான முடிவு. இந்துஸ்தான் கேபிள்ஸை மூட 2016-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது செம்பின் பெரிய காலம் முடிந்துவிட்டது என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் இழை வந்து நிற்கும் பெட்டியிலிருந்து கேமராவுக்கும் அலுவலக மேசைக்கும் போவது இன்னும் பெரும்பாலும் செம்பு லேன் கேபிளே. வீட்டுக்குள் ஷீல்டு இல்லாத கேபிள் போதும். அதில் வாதமே இல்லை. திறந்தவெளியில் மாடிக்கு மாடி, கம்பத்துக்குக் கம்பம் அதையே கட்டுவதுதான் தவறு. அரசுத் துறை கேபிள் வாங்கிய காலத்தில் தர விவரக்குறிப்பும் சோதனையும் இருந்தன. இன்று வாங்குவது நாமே என்பதால் சோதிக்க வேண்டியவர்களும் நாமே. கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக மின்னினால் அது செம்பு பூசிய அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெளியே போவதற்குக் கறுப்பு பாலித்தீன் உறையும் ஷீல்டும் உள்ளதைக் கேட்டு வாங்கி, ஷீல்டை எர்த்தோடு சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டு கட்டடங்களை இணைப்பதானால் உலோகமே இல்லாத இழைக் கேபிளைப் போடுங்கள்.